காய்ச்சலுக்குப் பின் வாட்ச் காட்டும் 48

கம்ப்யூட்டர் வைரஸ் பற்றி இந்தப் பக்கத்தில் பல முறை எழுதியிருக்கிறேன். இந்த மாதம் நிஜ வைரஸ். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் வாசகர்கள் சிலர் கேட்பது இதுதான்: "காய்ச்சல் விட்ட பிறகு ஸ்மார்ட் வாட்ச் நாடித்துடிப்பை 48 என்று காட்டுகிறது. வாட்ச் ரிப்பேரா, நான் ரிப்பேரா?"

இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. டெங்கு தணியும் நாட்களில் துடிப்பு குறைவது டாக்டர்கள் அறிந்ததுதான். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் காக்ஸாக்கி, இன்புளூயன்ஸா, கொரோனா போன்ற வைரஸ்கள் சிலருக்கு இதயத் தசையையே வீங்கச் செய்யும். இதன் பெயர் மயோகார்டைட்டிஸ். இதயத்தின் மேல் அறையில் கிளம்பும் மின் சிக்னல் தசை வழியாகத்தான் பரவ வேண்டும். வீங்கிய இடத்தில் அது தாமதமாகும். அல்லது அங்கேயே சுற்றிச் சுற்றி ஓடித் துடிப்பைத் தாறுமாறாக்கும். வீக்கம் ஆறிய பின் தழும்பு மிஞ்சினாலும் தொல்லை தொடரலாம்.

வாட்சின் பின்புறம் மின்னும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை வாட்ச் எண்ணுகிறது. தையல் மெஷின் அதிர்வும் தளர்ந்த பட்டையும் கணக்கைக் கெடுக்கும். எனவே ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, பட்டையை இறுக்கி மறுபடி பாருங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. முந்திக்கொண்டு வரும் பலவீனமான துடிப்பு மணிக்கட்டை எட்டாது. விரல் வைத்து எண்ணினாலும் 48, வாட்சிலும் 48, இதயத்திலோ 96 என்பதும் நடக்கும். ஈ.சி.ஜி. எடுத்தால்தான் தெரியும்.

2018ல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 4 முதல், பக்கத்துத் திருகில் 30 விநாடி விரல் வைத்தால் வாட்சே ஈ.சி.ஜி. எடுக்கிறது. ஆனால் இது ஒரே கோணம்; ஆஸ்பத்திரியில் 12. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பைத்தான் இது தேடும். தசை வீக்கத்தை அறிய ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. வேண்டும். வேலூர் சி.எம்.சி. பக்கத்திலேயே இருப்பது நம் பகுதியின் வசதி.

நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், மயக்கம், படபடப்பு இருந்தால், வாட்ச் 72 காட்டினாலும் உடனே கிளம்புங்கள். மயோகார்டைட்டிஸ் உறுதியானால், வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் உழைப்பு கூடாது என்பார்கள். தோல் ஷெட்டில் ஈரத் தோல் தூக்குபவர்கள் இதை மேஸ்திரியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வாட்சில் எடுத்த ஈ.சி.ஜி.யை ஐபோனில் ஹெல்த் அப்ளிகேஷனைத் திறந்து பி.டி.எப். ஆகச் சேமித்திடலாம். அதை டாக்டரிடம் காட்டும்போது காய்ச்சல் தொடங்கிய தேதியையும் சொல்லுங்கள்.