பிளஸ் 2 சான்றிதழ் கேட்கும் மூன்று கேள்விகள்

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த தொழில் நகரம் கும்மிடிப்பூண்டி. இங்குள்ள சிப்காட் ஆலைகளில் தமிழர்களோடு ஆந்திரம், ஒடிஸா, பிகார் போன்ற மாநிலங்களில் இருந்து வந்தவர்களும் ஷிப்ட் முறையில் பணியாற்றுகின்றனர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இங்கு உள்ளது. இக்குடும்பங்கள் பலவற்றில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் தலைமுறை, இப்போது மேல்நிலை வகுப்பில் படித்துக் கொண்டிருக்கிறது.

"பிளஸ் 2-இல் தேர்ச்சி பெற்றுவிட்டால் போதும், ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்த்துவிடலாம்' என்பதே பெற்றோர் பலரின் எண்ணம். அது பாதி உண்மைதான். ஒரே மதிப்பெண் பட்டியலிடம் மூன்று வெவ்வேறு கேள்விகள் கேட்கப்படுகின்றன. மாணவர் தேர்ச்சி பெற்றாரா? விரும்பும் படிப்புக்குத் தகுதி பெற்றாரா? தரவரிசையில் எங்கே நிற்கிறார்? இம்மூன்றையும் ஒன்றாக நினைப்பதுதான் ஏமாற்றத்தின் தொடக்கம்.

தமிழக மேல்நிலைத் தேர்வில் 6 பாடங்கள், மொத்தம் 600 மதிப்பெண்கள். ஒவ்வொரு பாடத்திலும் 35 பெற்றால் தேர்ச்சி. ஆனால், கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் 35 மட்டுமே பெற்றவர் பொறியியல் கலந்தாய்வுக்குத் தகுதி பெற மாட்டார். அப்பாடங்களின் சராசரி பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும் இருக்க வேண்டும்.

தகுதிக்குப் பிறகே தரவரிசை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தமிழகத்தில் பொறியியலுக்கான பொது நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. அதன் பிறகு பிளஸ் 2 மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. கணிதம் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கும் கணக்கிடப்பட்டு, 200-க்குக் கட்-ஆஃப் வருகிறது. கணிதத்தில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 60 பெற்றவரின் கட்-ஆஃப் 80, 35, 30 சேர்ந்து 145. மொழிப் பாடங்களில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும் இந்தக் கணக்கில் சேராது.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் கணக்கு வேறு. அங்கு மொழிப் பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்கள் பார்க்கப்படும். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் முதன்மை பெறும்.

எம்பிபிஎஸ் படிப்புக்குத் தரவரிசையை முடிவு செய்வது 720 மதிப்பெண்களுக்கு நடைபெறும் நீட் தேர்வு மட்டுமே. என்ஐடி-க்கு ஜேஇஇ, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் க்யூட் எனத் தனித்தனித் தேர்வுகள் உண்டு. எனினும், பிளஸ் 2 மதிப்பெண்ணை அலட்சியப்படுத்த முடியாது. நீட் எழுதியவரும் இயற்பியல், வேதியியல், உயிரியலில் குறைந்தபட்ச விழுக்காட்டைப் பெற்றிருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அடித்தளம் பிளஸ் 1 சேர்க்கையின்போது எடுக்கும் பாடப்பிரிவு. கணிதம் இல்லாவிட்டால் பொறியியலுக்கான நேர்வழி அடைபடும். உயிரியல் இல்லாவிட்டால் மருத்துவத்துக்கான நேர்வழி அடைபடும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு "இடம் கிடைத்த குரூப்' போதும் என்று பெற்றோர் கையொப்பமிடும்போது, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் திறக்க வேண்டிய கதவு ஒன்று மூடப்படுகிறது.

எல்லையோரக் குடும்பங்கள் மிகவும் குழம்புவது "எத்தனை ஆண்டுகள் இங்கே படித்தார்?' என்ற கேள்வியில்தான். இதற்கு இரு வேறு கணக்குகள் உள்ளன. முதலாவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. 2020-இல் மருத்துவப் படிப்புகளுக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் இது சட்டமானது. இதைப் பெற 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் 8-ஆம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் இது உண்டு.

இரண்டாவது, பொறியியல் கலந்தாய்வில் கேட்கப்படும் இருப்பிடச் சான்று. தமிழகத்தைச் சேர்ந்தவர் 8 முதல் 12 வரை இங்கேயே படித்திருந்தால் அச்சான்று தேவையில்லை. தந்தையின் வேலை காரணமாக இடையில் ஓராண்டு தடாவிலோ சூளூர்பேட்டையிலோ படித்திருந்தால் தேவை. வேறு மாநிலத்தைச் சேர்ந்த பெற்றோரின் பிள்ளைகள், 8 முதல் 12 வரை தமிழகத்தில் படித்திருந்தால் பொதுப் பிரிவில் போட்டியிடலாம். சான்று இல்லை என்று பயந்து, பொறியியல் தங்கள் பிள்ளைக்கு இல்லை என அவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை.

ஆவணங்களைப் பொருத்தவரை, பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றில் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்க வேண்டும். குடும்பத்தில் முன்பு எவரும் பட்டம் பெறவில்லை என்றால், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று கல்விக் கட்டணச் சலுகையைத் தரும். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கு மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்று போதாது, மத்தியப் பட்டியலின்படியான ஓபிசி சான்று தனியாக வேண்டும். மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகல் பெற்று, அதன் பிறகே மறுமதிப்பீடு கோரலாம். தேர்ச்சி பெறாதவருக்கு உடனடித் துணைத் தேர்வு உண்டு. ஓராண்டு வீணாக வேண்டியதில்லை.

இவற்றில் பெரும்பாலானவை இ-சேவை மையம் வழியே பெறக்கூடியவையே. சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. தேர்வு முடிவும் விண்ணப்பமும் மே மாதத்தில் நெருங்கி வருகின்றன. அப்போதுதான் தலைப்பெழுத்துப் பிழை கண்ணில் படுகிறது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது. ஒரு நாள் விடுப்பு என்பது ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி.

ஆகவே, ஆவணச் சரிபார்ப்பு பத்தாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பகுதிகளில் வருவாய்த் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் இணைந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி வளாகத்திலேயே சான்றிதழ் முகாம் நடத்தலாம். தெலுங்கிலும் ஹிந்தியிலும் ஒரு பக்க விளக்கக் குறிப்பு வழங்கலாம். மறுவாழ்வு முகாம் மாணவர்களுக்கான விதிகளைத் தனியாக எடுத்துச் சொல்லலாம். ஆலை நிர்வாகங்கள், பிளஸ் 2 மாணவர்களின் பெற்றோருக்குக் கலந்தாய்வுக் காலத்தில் ஊதியத்துடன் ஒரு நாள் விடுப்பு தரலாம்.

அரசுப் பள்ளி மாணவருக்கென இயற்றப்பட்ட சட்டம், ஒரு தலைப்பெழுத்துப் பிழையால் அவர் கைக்கு எட்டாமல் போகக் கூடாது. இடஒதுக்கீட்டைச் சட்டமாக்கிய அரசு, அதற்கான சான்றிதழை உரிய நேரத்தில் மாணவரின் கையில் சேர்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.