பழைய வீட்டைப் புதுப்பிக்க எவ்வளவு செலவாகும்? பீன்யா தரும் கணக்கு

புது தில்லி: வாடகை வருவாயை எண்ணிப் பழைய வீட்டை வாங்குவோர், சிமென்ட், தரை ஓடு, வண்ணப்பூச்சு, கூலி ஆகியவற்றைக் கூட்டினால் புதுப்பிக்கும் செலவு தெரிந்துவிடும் என்றே கருதி வந்தனர். உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17-ல் அளித்த தீர்ப்பு ஒன்று அந்தக் கணக்கின் முதல் வரியையே மாற்றிவிட்டது.

உத்தரப் பிரதேச மாநிலம் மீரட்டில் குடியிருப்பு மனையொன்றில் விதிமீறி எழுப்பப்பட்ட வணிகக் கட்டடம் தொடர்பான வழக்கு அது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு, அவ்வழக்கில் நாடு முழுமைக்கும் பொருந்தும் உத்தரவுகளைப் பிறப்பித்தது. கட்டட நிறைவுச் சான்றிதழைக் காட்டிய பின்னரே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் வழங்கப்பட வேண்டும். கட்டடத்தின் பேரில் கடன் தரும் வங்கிகளும் அச்சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை.

இந்த உத்தரவின் தாக்கம் பெரிதாக உணரப்பட்ட நகரங்களில் பெங்களூரு ஒன்று. அங்கு, பீன்யா போன்ற தொழிற்பகுதிகளில் முதலீட்டு நோக்கில் வீடு வாங்குவோருக்குக் கொத்தனாரின் மதிப்பீட்டைவிட ஆவணங்களின் நிலையே முதன்மையான செலவாகியுள்ளது.

தொழிற்பேட்டையும் வாடகை வீடுகளும்:

தும்கூர் சாலையை ஒட்டி 1970-களில் உருவான பீன்யா தொழிற்பேட்டை, ஆசியாவின் பெரிய சிறுதொழில் வட்டாரங்களில் ஒன்றாகக் குறிப்பிடப்படுவது. இயந்திர உதிரி பாகங்கள், உலோக முலாம் பூசுதல், ஆயத்த ஆடை எனப் பல தொழில்கள் இங்கு நடைபெறுகின்றன. இவற்றில் பணிபுரிவோருக்காகச் சுற்றுப்புறங்களில் 30-க்கு 40 அடி மனைகளில் தளத்துக்கு ஒன்றிரண்டு குடித்தனங்களாக வீடுகள் எழும்பின. 2014 மார்ச் 1-ல் மெட்ரோ ரயில் பீன்யாவுக்கு வந்த பிறகு, நகரின் மையப் பகுதியில் பணிபுரிவோரும் இங்கு வீடு தேடும் வாய்ப்பு ஏற்பட்டது.

பழைய வீட்டை வாங்கி, ஒரு குடித்தனத்தை இரண்டாகப் பிரித்து, புதுப்பித்து வாடகைக்கு விடுவது முதலீட்டாளர்களின் வழக்கமான திட்டம். சிக்கல் தொடங்குவதும் இந்த இடத்தில்தான். பிரித்த ஒவ்வொரு பகுதிக்கும் தனி மின் மீட்டர் வேண்டும். கர்நாடக அரசு 2023-ல் தொடங்கிய, மாதம் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் தரும் 'கிருக ஜோதி' திட்டத்தில் வாடகைதாரரும் பயன்பெறலாம் என்பதால், தனி மீட்டர் இல்லாத வீட்டுக்கு மதிப்புக் குறைவு. ஆனால், புதிய இணைப்புக்கு நிறைவுச் சான்றிதழ் தேவை என்ற நிலை வந்தபோது, அது இல்லாத வீடுகளின் திட்டங்கள் நின்றன.

இதையடுத்து 2025 அக்டோபரில், 1,200 சதுர அடி வரையிலான மனைகளில் தரைத் தளத்துடன் இரண்டு மாடிகள், அல்லது வாகன நிறுத்தத் தளத்துடன் மூன்று மாடிகள் கொண்ட வீடுகளுக்கு இச்சான்றிதழிலிருந்து விலக்கு அளிக்க மாநில அரசு முடிவு செய்தது. 30-க்கு 40 அடி மனை என்பது சரியாக 1,200 சதுர அடி. எனவே, இருக்கும் மாடிகளுக்கு மேல் தகரக் கூரையுடன் ஓர் அறை கூடுதலாக எழுப்பலாமா என்பது கூட இனி வெறும் கட்டுமானக் கேள்வி அன்று. விலக்கின் எல்லைக்குள் வீடு நிற்குமா என்ற கேள்வி.

'பி' கட்டா என்னும் பழைய கடன்:

மாநகராட்சிச் சொத்துப் பதிவேடான 'கட்டா'வில், விதிமுறைகளுக்கு உட்பட்ட சொத்துகள் 'ஏ' பிரிவிலும், முறையான அனுமதி பெறாத மனைப் பிரிவுகளில் உள்ளவை 'பி' பிரிவிலும் இடம்பெற்றன. 'பி' பிரிவுச் சொத்துக்குக் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் பெறுவது கடினம். 'பி'யை 'ஏ'வாக மாற்றும் திட்டத்தை 2025-ல் மாநில அரசு அறிவித்தபோது, அதற்கான கட்டணம் அரசு வழிகாட்டி மதிப்பில் 5 சதவீதம் எனக் கூறப்பட்டது. வழிகாட்டி மதிப்பு ரூ. 60 லட்சம் உள்ள மனை எனில் அந்த விகிதத்தில் ரூ. 3 லட்சம். இத்தொகையில் ஒரு குடித்தனத்தின் குளியலறை, சமையலறை இரண்டையும் புதுப்பித்துவிடலாம். விற்பவர் இதைச் சொல்லாமல் விடக்கூடும். கொத்தனாருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பெங்களூரு பெருநகர மாநகராட்சி 2025 செப்டம்பரில் கலைக்கப்பட்டு, ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். வீடு எந்த மாநகராட்சியின் எல்லைக்குள் வருகிறது என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே விண்ணப்பங்களைத் தொடங்குவது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத பழுது:

கட்டுமானத்தில் அதிகச் செலவு வைப்பது வெளியில் தெரியாத பழுதே. இதற்கு பீன்யாவே சாட்சி. தும்கூர் சாலை மேம்பாலம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் எஃகு வடங்களில் பழுது கண்டறியப்பட்டதால் 2021 டிசம்பரில் மூடப்பட்டது. 2022 பிப்ரவரியில் இலகு ரக வாகனங்கள் மட்டும் அனுமதிக்கப்பட்டன. கனரக வாகனங்கள் நீண்ட காலம் காத்திருக்க நேர்ந்தது. மேலே ஓடிய வாகனங்களுக்கு அந்தப் பழுது தெரியவில்லை.

வீட்டிலும் இதுவே நடக்கிறது. சுவரைத் தட்டும்போது பொள்ளென்று ஒலித்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது எனக் கொள்ளலாம். கூரையின் அடியில் நீளவாக்கில் விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கக்கூடும். வண்ணம் பூசினால் இவை ஆறு மாதம் மறையும். பிறகு பழுது இன்னும் பெரிதாகத் திரும்பும். பழைய ஒயரிங்கில் எர்த் இணைப்பு உள்ளதா, குளியலறைத் தளத்திலிருந்து கீழ்வீட்டுக்குக் கசிவு உள்ளதா, இரும்புக் குழாய்களுக்குள் உப்புப் படிந்துள்ளதா என்பவற்றை விலை பேசும் முன்பே பார்க்க வேண்டும்.

பீன்யாவில் இதற்கெல்லாம் முன்பாகப் பார்க்க வேண்டியது தண்ணீர். உலோக முலாம் தொழிலுடன் தொடர்புடைய குரோமியம் இப்பகுதி நிலத்தடி நீரில் கலந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது. தண்ணீரைக் காய்ச்சுவதால் உலோகம் நீங்காது. எனவே, ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பியுள்ள வீட்டின் மதிப்பீட்டில், நீர்ப் பரிசோதனைக் கட்டணம், காவிரிக் குடிநீர் இணைப்புக்கான செலவு, குடிநீருக்கும் புழக்க நீருக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய் ஆகியவை இடம்பெற வேண்டும். புதிய தரை ஓட்டைக் குடியிருப்போர் பாராட்டலாம்; அவர்களது குழந்தைகள் குடிக்கப் போவது குழாய்த் தண்ணீரை.

அளவெடுத்த பின் விலை:

'சதுரத்துக்கு இவ்வளவு' என்று மொத்தமாகப் பேசுவது பெங்களூருவிலும் தமிழகத்திலும் உள்ள பழக்கம். 100 சதுர அடி ஒரு சதுரம். புதுக் கட்டடத்துக்கு ஓரளவு பொருந்தும் இம்முறை, பழைய வீட்டைப் புதுப்பிப்பதற்குப் பொருந்தாது. ஒரே அளவுள்ள இரு வீடுகளில் ஒன்றுக்கு வண்ணப்பூச்சு போதும். மற்றொன்றில் குழாய்களை முழுதும் பெயர்க்க வேண்டியிருக்கும்.

மத்தியப் பொதுப்பணித் துறை வெளியிடும் தில்லி விலை விகிதப் பட்டியல் இதற்கு நல்ல வழிகாட்டி. அதில் இடித்தல், கட்டுதல், பூசுதல் என ஒவ்வொரு வேலைக்கும் தனி அலகும் தனி விலையும் உண்டு. தில்லி விலை பெங்களூருவுக்கு அப்படியே பொருந்தாது எனினும், வேலையைப் பிரித்து எழுதும் முறை எங்கும் பொருந்தும். ஒப்பந்ததாரர் மூவரிடம் ஒரே அளவுப் பட்டியலைக் கொடுத்து விலை கேட்டால்தான் அவற்றை ஒப்பிட முடியும். பழைய கட்டடத்தில் எதிர்பாராத செலவுக்கென 10 முதல் 20 சதவீதம் தனியே வைப்பது விவேகம்.

சிமென்ட் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தைய விலையில் போடப்பட்ட மதிப்பீடுகளைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். ஆனால், பழுதுபார்ப்பில் சிமென்டைவிடக் கூலியின் பங்கே பெரிது. இடித்த குப்பையை அகற்றும் வண்டிச் செலவும் பல பட்டியல்களில் விடுபட்டுப் போகிறது.

வாடகை ஈடுகட்டுமா?

ஓர் உதாரணம். மூன்று குடித்தனம் கொண்ட வீட்டில் தலா ரூ. 10,000 வாடகை வருகிறது என்று கொள்வோம். ரூ. 8 லட்சம் செலவிட்டுப் புதுப்பித்தால் தலா ரூ. 12,500 கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆண்டுக்குக் கூடுதல் வருவாய் ரூ. 90,000. பணி நடக்கும் மூன்று மாதங்கள் வீடு காலியாக இருந்தால் இழப்பும் அதே ரூ. 90,000. ஆக, உண்மையான செலவு ரூ. 8.90 லட்சம். இதற்கு 10 சதவீத வட்டி ரூ. 89,000. கூடுதல் வருவாய் முழுவதும் வட்டிக்கே போகிறது. அசல் அப்படியே நிற்கிறது.

வரிச் சலுகை இதைச் சரிசெய்யும் என்ற நம்பிக்கையும் முழுதும் சரியன்று. வாடகை வருவாயிலிருந்து சொத்து வரி போக 30 சதவீதம் கழிவு உண்டு. பழுதுபார்க்க எதுவும் செலவிடாவிட்டாலும் அந்த 30 சதவீதம்தான். லட்சக்கணக்கில் செலவிட்டாலும் அதே 30 சதவீதம்தான். கடனுக்கான வட்டியைக் கழித்துக்கொள்ள முடியும் என்றாலும், புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், வட்டியால் ஏற்படும் நட்டத்தைச் சம்பளம் முதலிய பிற வருவாயில் ஈடுகட்ட இயலாது. வீட்டை விற்கும்போது, நிலையான மேம்பாட்டுச் செலவை ஆதாய வரிக் கணக்கில் சேர்க்கலாம். அதற்கு ரசீது வேண்டும். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத செலவு, அந்தக் கணக்கில் இல்லாத செலவே.

யார் தலையில் செலவு?

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2-ல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், குழாய்களையும் ஒயரிங்கையும் மாற்றுதல் ஆகியவற்றை வீட்டு உரிமையாளரின் பொறுப்பாக வகுத்துள்ளது. மேம்பாட்டுப் பணிக்காக வாடகையை உயர்த்துவதாயின், பணி தொடங்கும் முன்பே வாடகைதாரருடன் ஒப்பந்தம் வேண்டும் என்றும் கூறுகிறது. குடியிருப்புக்கான முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது அதன் மற்றொரு விதி. மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் இச்சட்டம் செயல்வடிவம் பெறும். பெங்களூருவிலோ பல மாத வாடகையை முன்பணமாக வாங்குவது நீண்ட கால வழக்கம். அந்த முன்பணத்தைக் கொண்டே புதுப்பிக்கும் செலவைச் சமாளிக்கலாம் என்று கணக்கிடுவோர், அது திருப்பித் தர வேண்டிய கடன் என்பதை மறந்துவிடுகின்றனர்.

செலவைக் குறைக்க விரும்பும் உரிமையாளர் முதலில் கைவைப்பது எர்த் இணைப்பிலும் நீர்க் குழாயிலும்தான். ஏனெனில் இவை வாடகை பேச வருபவர் கண்ணில் படுவதில்லை. பொய்க்கூரையும் அலங்கார விளக்கும் கண்ணில் படுகின்றன. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டுத் திரும்பும் குடும்பத்துக்கு வேண்டியது மின்கசிவு இல்லாத சுவர், ஒழுகாத கூரை, நம்பிக் குடிக்கத்தக்க நீர் ஆகியவையே. ஆவணம், நீர், மின்சாரம், கூரை ஆகிய நான்குக்கும் உரிய தொகையை முதலில் ஒதுக்கி, மீதமிருப்பதில் அழகுபடுத்துவதே முறையான மதிப்பீடு. அப்படி ஒதுக்கிய பிறகு வாடகை ஈடுகட்டாது எனத் தெரிந்தால், பேசிய விலை அதிகம் என்று பொருள். முன்தொகை கொடுப்பதற்கு முன்பே அது தெரிந்தால் நட்டம் ஏதுமில்லை.