ராத்திரி சாப்பாடு 9 மணிக்கு மேல்தான்!
ஸ்பானிஷ் மொழி படிக்க தர்மபுரிப் பிள்ளைகள் ஸ்பெயினுக்குப் போனால், முதல் சோதனை வயிற்றுக்குத்தான்!

1218-ல் தோன்றிய பல்கலைக்கழகம் உள்ள சாலமன்கா நகரில் மத்தியானச் சாப்பாடு 2 மணிக்கு மேல். அதன்பின் சின்னக் கடைகள் பலவும் சாத்திவிடும். திறக்க சாயங்காலம் 5 ஆகும். ராத்திரி சாப்பாடு 9-க்கு மேல். குளிர்காலத்தில் அப்போது தர்மபுரியில் நள்ளிரவு 1-30! வீட்டுக்குப் போன் போட்டுப் பேசவும் முடியாது, அம்மா தூங்கியிருப்பார்.

பாஷையும் லேசு இல்லை. "நான் தமிழன்" என்பதற்கு ஒரு வினைச்சொல். "நான் களைப்பாக இருக்கிறேன்" என்பதற்கு வேறொன்று.

ஆறுதல் பழக்கடையில் கிடைக்கும். மாம்பழத்துக்கு அங்கே பேர் "மாங்கோ". நம்ம பக்கத்து "மாங்காய்"தான், போர்ச்சுகீசியர் வாய்வழியே கடல் தாண்டிய சொல்!

தர்மபுரி மாந்தோப்பை விட்டுப் போனாலும், பேர் முன்னாடியே போய்க் காத்திருக்கிறது.