உப்புக் காற்றும் ரிமோட் திறப்பும்

காருக்குப் பக்கத்தில் நின்று வாப்பா ரிமோட் திறப்பை அழுத்துகிறார். கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்துகிறார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பலமாக அழுத்துகிறார். கடைசியில் திறப்பை உள்ளங்கையில் தட்டிப் பார்க்கிறார். புத்தளம், கற்பிட்டி, சிலாபம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். பலமாக அழுத்துவதால் ஒரு பயனும் இல்லை பிள்ளைகளே. உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்சுக்கு மூடியிருப்பது, திறந்திருப்பது என்று இரண்டே நிலைதான். கை வலிக்க அழுத்தினாலும் அலை கூடுதல் தூரம் போகாது.

அப்படியானால் என்ன செய்வது? பிழை எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது திறப்பில் இருக்கலாம், காரில் இருக்கலாம், இரண்டுக்கும் நடுவே உள்ள வெளியிலும் இருக்கலாம். அதற்கு இந்தத் திறப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும் திறப்பிலிருந்து ஒரு வானொலி அலை புறப்படுகிறது. நம் வீதிகளில் ஓடும் கார்களில் ஏராளமானவை ஜப்பானில் செய்யப்பட்டவை. வாகன் ஆர், விட்ஸ், அக்வா என்று நீங்களே பெயர் சொல்லிவிடுவீர்கள். ஜப்பானியக் கார்களின் திறப்புகள் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய அலையில் இயங்குகின்றன. ஐரோப்பியக் கார்களுக்குப் பெரும்பாலும் 433.92 மெகாஹேர்ட்ஸ். ஆகவே பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்று கடையில் ஒரு திறப்பை வாங்கிவந்தால் அது வேலை செய்யும் என்ற உறுதி இல்லை.

315 மெகாஹேர்ட்ஸ் என்றால் ஒரு செக்கனில் 31 கோடியே 50 இலட்சம் அதிர்வுகள். வானொலி அலை ஒளியின் வேகத்தில், செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. அது 30 கோடி மீற்றர். அதை 31 கோடியே 50 இலட்சத்தால், அதாவது 300ஐ 315ஆல், வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 0.95 வரும். அதாவது அலையின் நீளம் 95 சென்ரிமீற்றர். அலை இவ்வளவு குட்டையாக இருப்பதால்தான் அதை அனுப்பும் அன்ரனா உங்கள் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. சிலாபத்துக்கு அருகே இரணவிலவில் 'அமெரிக்காவின் குரல்' வானொலியின் மறுஒலிபரப்பு நிலையம் 2016 வரை இயங்கியது. அங்கிருந்து போன சிற்றலைகளின் நீளம் பத்துக்கணக்கான மீற்றர். அவற்றைக் கடல் கடந்து அனுப்ப உயர்ந்த கோபுரங்களும் அவற்றுக்கிடையே கட்டிய கம்பிகளும் வேண்டியிருந்தன. கார்த் திறப்பின் அலை சில பத்து மீற்றர் போனால் போதும்.

ரீவீ ரிமோட்டைக் கைத்தொலைபேசிக் கமராவுக்கு முன்னால் பிடித்து அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் மின்னுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது அகச்சிவப்புக் கதிர். 1980களின் தொடக்கத்தில் பிரான்சில் வந்த றெனோ ஃபுவேகோ காரின் ரிமோட்டும் அகச்சிவப்பில்தான் இயங்கியது. இன்றைய திறப்பு வானொலி அலையில் இயங்குவதால் கமரா வித்தை இங்கே பலிக்காது. நாம் வேறு வழியில் துப்புத் துலக்க வேண்டும்.

மிகச் சுலபமான சோதனை, வீட்டில் கிடக்கும் இரண்டாவது திறப்பை எடுத்து அதே இடத்தில் நின்று அழுத்துவது. அது கதவைத் திறந்தால் கார் சரி, வெளியும் சரி, பிழை முதல் திறப்பில். இரண்டும் திறக்காவிட்டால் காரை அல்லது நிற்கும் இடத்தைச் சந்தேகிக்கலாம். பைசா செலவில்லாத இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடுகிறது. ஆனால் பலர் இதைச் செய்யாமலே நேரே கராஜுக்குப் போகிறார்கள்.

திறப்பில்தான் பிழை என்றால் முதல் சந்தேகம் பற்றரி மேல். முன்பெல்லாம் வாசலில் நின்றே திறந்த கார், இப்போது கைக்கெட்டும் தூரத்துக்குப் போனால்தான் திறக்கிறதா? பற்றரி சோர்ந்துவிட்டது. பையிலிருந்து எடுக்காமலே கதவைத் திறக்கும் 'ஸ்மார்ட்' வகைத் திறப்பில் பற்றரி இன்னும் சீக்கிரம் தீரும். அந்த வகையில் 125 கிலோஹேர்ட்ஸ் அளவான தாழ்ந்த அலையைக் கார் அனுப்ப, திறப்பு விழித்து 315இலோ 433இலோ பதில் சொல்கிறது. அந்த அழைப்புக்காக அது எந்நேரமும் காத்திருக்க வேண்டும். அதை ரீவீக்குப் பக்கத்திலோ தொலைபேசி சார்ஜருக்குப் பக்கத்திலோ வைத்தால் அங்கே கிளம்பும் அலைகள் அதை வீணாக விழிக்கவைத்துப் பற்றரியைத் தின்னும்.

பற்றரியின் முதுகில் CR2032 என்ற மாதிரி ஒரு குறி இருக்கும். 20 என்பது விட்டம், 20 மில்லிமீற்றர். 32 என்பது தடிப்பு, 3.2 மில்லிமீற்றர். CR1632 என்றால் விட்டம் 16. இப்போது அந்தக் குறியைப் படிக்க உங்களுக்கே தெரியும். மின்னழுத்தம் 3 வோல்ற்று. மல்ரிமீற்றர் வைத்திருக்கும் அண்ணன்மார் அளந்து பார்த்துவிட்டு "கிட்டத்தட்ட மூன்று காட்டுகிறது, பற்றரி நல்லம்" என்பார்கள். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பழைய பற்றரியின் உட்தடை கூடியிருக்கும். மீற்றர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால் அழுத்தம் விழாது. திறப்பு அலை அனுப்பும் நொடியில் கூடுதல் மின்னோட்டம் கேட்டதும் பொத்தென்று விழும். புதுப் பற்றரி ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

திறப்பைப் பெரியவர் ஒருவர் திறக்கட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். தட்டையான ஸ்குறூ ட்றைவரின் நுனியில் துணி சுற்றி அதில் வைத்து நெம்பினால் ஓடு இரண்டாகப் பிரியும். உள்ளே பச்சைப் பலகை, அதன் மேல் பற்றரி, பற்றரியைத் தொட்டபடி இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். பற்றரியின் + குறி மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்று எடுக்கும் முன்பே கவனியுங்கள். பிறகு அந்தத் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பளபளவென்று இருந்தால் நல்லது. ஓரத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி ஒட்டியிருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

அவன் பெயர் உப்பு.

சோழகம் வீசும் மாதங்களில், மே முதல் செப்ரெம்பர் வரை, ஆலங்குடா, கண்டக்குழி, மாம்புரிக் கரைகளில் அலை உடைந்து தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று ஊருக்குள் அள்ளி வருகிறது. நுரைச்சோலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுவதும் அதே காற்றுத்தான். துளியில் உள்ள தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு நின்றுவிடும். கூரைத் தகரமும் சைக்கிள் சங்கிலியும் நம் ஊரில் சீக்கிரம் துருப்பிடிப்பது இதனால்தான். திறப்பின் ஓட்டில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், அந்த உப்பு உள்ளே போய்விடும்.

காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் உப்பு காய்ந்தே கிடப்பதில்லை. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல்நீரில் இருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். புத்தளத்திலும் பாலாவியிலும் உப்பளத்தில் வேலை செய்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். உப்பு படிந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில்தான் மகனீசியம் குளோரைட்டு தங்குகிறது. அதைச் சரியாக வடித்துவிடாத உப்பு, மூட்டையிலேயே நீர் விட்டுக் கசியும். கரையோர இரவுகளில் ஈரப்பதன் 75 வீதத்தைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அப்போது உங்கள் திறப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புநீர்ப் படலம் உண்டாகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும்.

பற்றரியின் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே அந்தப் படலம் பாலம் போட்டால், யாரும் பொத்தானை அழுத்தாமலே மின்னோட்டம் கசியும். பற்றரி வீணாகத் தீரும். அதோடு முடியாது. தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ற்றே போதுமானது. இங்கே இருப்பதோ 3. நேர்முனைப் பக்கத்துச் செம்பு அரித்துக் கரைந்து பச்சைப் பொடியாகப் படிகிறது. எதிர்முனைப் பக்கத்தில் ஐதரசன் வெளியேறி, காரம் சேருகிறது. இந்தக் காரத்தை நினைவில் வைத்திருங்கள், பிறகு இதைப் பற்றி முக்கியமான ஒன்று சொல்ல வேண்டும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கிளாஸ் தண்ணீரில் இரண்டு கரண்டி உப்பைக் கரையுங்கள். பெரியவர் ஒருவரின் உதவியோடு இரண்டு ரோச் பற்றரிகளை வரிசையாகச் சேர்த்து, இரு முனைகளிலிருந்தும் இரண்டு செப்புக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் தண்ணீருக்குள் விடுங்கள். எதிர்முனைக் கம்பியில் குமிழிகள் கிளம்பும். நேர்முனைக் கம்பி பளபளப்பு இழந்து அரிபட, தண்ணீர் கலங்கத் தொடங்கும். உப்புப் போடாத நல்ல தண்ணீரில் செய்து பாருங்கள், குமிழியைத் தேட வேண்டியிருக்கும். சோதனை முடிந்ததும் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

தகட்டில் ஒட்டிய பொடியைப் பற்றரியை எடுத்துவிட்டு அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போகும். திறப்பு களப்பில் விழுந்துவிட்டால் முதல் வேலை பற்றரியைக் கழற்றுவது. அடுத்த வேலை உங்களுக்கு வியப்பாக இருக்கும்: திறப்பை மறுபடியும் தண்ணீரில் கழுவ வேண்டும்! அப்படியே காயவிட்டால் தண்ணீர் போகும், உப்பு போகாது. உவர்க் கிணற்று நீர் வேண்டாம், சுத்தமான குடிநீரால் அலசி, நிழலில் ஒன்றிரண்டு நாள் நன்றாகக் காயவைத்த பிறகு புதுப் பற்றரி போடலாம். பற்றரி இல்லாத பலகைக்கு நல்ல தண்ணீரால் பெரிய தீங்கு இல்லை.

பற்றரியும் தகடும் சரி, ஆனாலும் கதவு திறக்கவில்லை என்றால் வீட்டுச் சின்னவரை விசாரியுங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் திறப்பு ஒரு புதிய இரகசிய எண்ணை அனுப்புகிறது. காரும் அதே வரிசையைக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. பழைய எண்ணைக் கள்ளன் பதிவுசெய்து திரும்ப அனுப்பினாலும் கார் ஏற்காது. கார் கொழும்புக்குப் போயிருக்கும் நாளில் தம்பி வீட்டிலிருந்து பொத்தானை அழுத்தி அழுத்தி விளையாடினால், திறப்பின் எண்ணிக்கை முன்னால் ஓடிவிடும். பல கார்களில் பயன்பட்ட 'கீலொக்' என்ற முறையில் பொதுவாக 16 படி வரை முன்னால் போனால் கார் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால், காருக்கு அருகே நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்த வேண்டும். இரண்டு எண்களும் சரியான வரிசையில் வந்தால் கார் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். மற்ற முறைகளில் இது வேறுபடும். சிலவற்றைக் கராஜில்தான் மீண்டும் இணைக்க முடியும்.

இரண்டு திறப்புகளும் ஒரே இடத்தில் மட்டும் வேலை செய்யவில்லை, வேறு இடத்தில் திறக்கின்றன என்றால், நடுவே உள்ள வெளியில்தான் இடைஞ்சல். மீன் ஏலம் நடக்கும் கரையில் நின்று தோழனை மெல்லக் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்குமா? அதே நிலைதான். 2019இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நோர்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரையொட்டிய சில தெருக்களில் கார்த் திறப்புகளும் கராஜ் கதவு ரிமோட்டுகளும் வாரக்கணக்கில் செயலிழந்தன. ஊரே குழம்பியது. தேடித் தேடிப் பார்த்ததில் ஒரு வீட்டில் விடை கிடைத்தது. மின்னணுவியலில் ஆர்வம் கொண்ட ஒருவர், மாடியில் யாராவது நடமாடினால் தனக்குத் தெரிய வேண்டும் என்று பற்றரியில் இயங்கும் ஒரு சின்னக் கருவி செய்திருந்தார். அது ஓயாமல் 315 மெகாஹேர்ட்ஸில் அலை அனுப்பிக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரியாது! கருவியை நிறுத்தியதும் தெரு முழுக்கத் திறப்புகள் வேலை செய்தன.

எதுவும் பலிக்கவில்லை, இரவாகிவிட்டது என்றாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலான ஸ்மார்ட் திறப்புகளுக்குள் ஒரு மெல்லிய உலோகத் திறப்பு ஒளிந்திருக்கிறது. கதவை அதனால் திறக்கலாம். பிறகு பற்றரி செத்த திறப்பை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் பல கார்களில் எஞ்சின் இயங்கும். காரில் உள்ள கம்பிச்சுருள் காந்தப்புலத்தை உண்டாக்க, திறப்புக்குள் இருக்கும் சுருளில் அதனால் மின்சாரம் பிறக்கிறது. அந்தத் துளி மின்சாரத்தில் ஒரு சில்லு விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. மைக்கேல் ஃபரடே 1831இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் அது. சில சென்ரிமீற்றர் தூரத்துக்கு மேல் அது எட்டாது.

இனி அந்தக் காரத்தின் கதை. கழற்றிப் போட்ட பழைய பற்றரி திறப்புக்குத்தான் போதாது. அதில் மின்சாரம் இன்னும் மிச்சம் இருக்கிறது. தவழும் தங்கச்சி அதை எடுத்து விழுங்கினால் 20 மில்லிமீற்றர் வட்டம் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். எச்சிலும் உப்புக் கரைந்த நீர்தான். திறப்புக்குள் நடந்த அதே வேலை அங்கேயும் நடக்கும்: எதிர்முனைப் பக்கத்தில் காரம் சேர்ந்து, 2 மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பற்றரி உடைய வேண்டும், ஒழுக வேண்டும் என்றில்லை. சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கவைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990. அழாமல் விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது.

இன்றைக்கே வீட்டு மேசை லாச்சிகளைத் திறந்து பாருங்கள். பழைய பட்டன் பற்றரி ஏதாவது கிடந்தால், இரண்டு பக்கமும் செலோரேப் ஒட்டி, சின்னக் கை எட்டாத உயரத்தில் வைக்கும்படி பெரியவரிடம் கொடுங்கள்.