பின்சக்கரத்தின் இழுபறி

மலைச் சைக்கிளில் ஸ்பிரிங் பொருத்துவது எளிது. அது பெடலையும் பிரேக்கையும் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

ஆகஸ்ட் 12, 2012. லண்டன் ஒலிம்பிக்ஸின் கடைசி நாள். எஸ்ஸெக்ஸிலுள்ள ஹாட்லி பண்ணையின் மேடுபள்ளங்களில் செக் குடியரசின் யாரோஸ்லாவ் குல்ஹாவி, சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டரை ஒரே ஒரு விநாடியில் முந்தித் தங்கம் வென்றார். குல்ஹாவியின் சைக்கிளில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். ஷூர்ட்டரின் சைக்கிளில் முன்பக்கம் மட்டும். மலைச் சைக்கிள் பந்தயம் 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக்ஸுக்குள் நுழைந்ததிலிருந்து, பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டி ஆண்கள் தங்கத்தை வென்றது அதுவே முதல் முறை.

ஒரு விநாடியை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் 2016இல் ரியோவில் ஷூர்ட்டர் தங்கம் வென்றபோது அவரும் பின் சஸ்பென்ஷனுக்கு மாறியிருந்தார். ஸ்பிரிங் இருந்தால் சொகுசு என்பது குழந்தைக்கும் தெரியும். பிறகு ஏன் இத்தனை ஆண்டு தயக்கம்?

காரணம், காலின் உழைப்பு. பெடலை மிதிக்கும் விசை ஒரே சீரானதல்ல. ஒவ்வொரு மிதியிலும் ஏறி இறங்கும். மிதிக்கும்போது வண்டி முன்னால் பாய, எடை பின்னால் சாய்கிறது. பின் ஸ்பிரிங் அமுங்குகிறது, மறுபடி எழுகிறது. முன்னேற வேண்டிய உழைப்பில் ஒரு பங்கு தூளியாட்டத்தில் கரைந்துபோகிறது. ஏற்றத்தில் இது தெளிவாகவே தெரியும்.

இதற்கு மருந்து செயினிலேயே இருக்கிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் கை, ஃபிரேமுடன் இணையும் அச்சு எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். அதைச் சற்று உயர்த்தி வைத்தால், செயின் இழுக்கும்போது அந்தக் கை கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. ஸ்பிரிங் அமுங்குவது தடுக்கப்படுகிறது. அளவு மீறினால் வேறு தொல்லை. பின்சக்கரம் கல்லில் ஏறும்போது செயின் இழுபட்டு, பெடல் காலைப் பின்னுக்கு உதைக்கும். குல்ஹாவி ஓட்டிய ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் 'எபிக்' வேறு வழியையும் சேர்த்துக்கொண்டது. பின் அச்சின் அருகே ஒரு வால்வு. மேலிருந்து வரும் மிதிக்கு அது மூடியே இருக்கும். கீழிருந்து கல் இடித்தால் திறந்துவிடும்.

பிரேக்கின் கதை இன்னும் சுவையானது. மலைச் சைக்கிளின் வரலாறே பிரேக்கில்தான் ஆரம்பம். 1976இல் கலிஃபோர்னியாவின் மாரின் கவுண்டியில் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்ற இளைஞர்கள் பழைய தடித்த சைக்கிள்களில் ஒரு மலைப்பாதையில் சுமார் 400 மீட்டர் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். அடிவாரம் வருவதற்குள் பின்சக்கர ஹப்பிலிருந்த பிரேக் சூடேறி, கிரீஸ் புகையாகிவிடும். புதிதாகக் கிரீஸ் திணித்தால்தான் அடுத்த ஓட்டம். பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் விழுந்தது.

டிஸ்க் பிரேக் வந்தபின் சூட்டுப் பிரச்சினை குறைந்தது. ஆனால் புதிய சிக்கல். பிரேக் சக்கரத்தைக் கவ்வும்போது, சக்கரம் அதையும் தன்னோடு சுழற்றப் பார்க்கிறது. பிரேக் அந்தக் கையின் மீதே பொருத்தப்பட்டிருந்தால், சக்கரத்தோடு கையும் மேலே இழுபட்டு ஸ்பிரிங்கை அமுக்கும். அதேநேரம் வேகம் குறைவதால் எடை முன்னால் சரிந்து, பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். இந்த இரண்டும் எந்த அளவில் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை. அமுக்கம் மிகுந்தால் வண்டி தாழ்ந்து நிற்கும், ஆனால் சக்கரம் கற்களை அனுசரித்துப் போகாமல் தத்தும். அமுக்கம் குறைந்தால் சக்கரம் தரையை விடாது. ஓட்டுபவர்தான் ஹேண்டில்பார் மேல் சாய்வார். இரண்டில் எது மேல் என்று கேட்டால் இறக்கப் பந்தய வீரர்களே ஒரே பதிலைச் சொல்வதில்லை.

ஆஸ்திரியாவில் பிறந்த ஹார்ஸ்ட் லைட்னர் கண்ட வழி, பின் அச்சுக்குச் சற்று முன்னே இன்னொரு மூட்டை வைப்பது. சக்கரமும் பிரேக்கும் மேல் தண்டோடு சேர்ந்துகொள்ள, பிரேக்கின் முறுக்கு நேராகக் கையில் இறங்குவதில்லை. 1998இல் ஸ்பெஷலைஸ்டு அந்தக் காப்புரிமையை வாங்கியது. பணம் கட்ட விரும்பாத போட்டியாளர்கள் மூட்டைச் சில சென்டிமீட்டர் நகர்த்தி அச்சுக்கு மேலே வைத்தார்கள். பார்வைக்கு அதே சைக்கிள். ஆனால் சக்கரமும் பிரேக்கும் மறுபடி கீழ்க் கையோடு ஒட்டிக்கொண்டதால், பிரேக் பிடித்தால் பழைய ஒற்றை அச்சு வண்டிதான். பிற்பாடு மூட்டை அச்சின் மீதே வைக்கும் யோசனை வந்தது. டிரெக் நிறுவனமும் டேவ் வீகிள் என்ற வடிவமைப்பாளரும் அதற்கு உரிமை கொண்டாடி, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

இதெல்லாம் லட்சங்களில் விலைபோகும் வண்டிகளின் கவலை என்று ஒதுக்க வேண்டாம். தில்லி ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் பையன்கள் முதலில் கைவைப்பது நடுவில் தடித்த ஸ்பிரிங் தெரியும் வண்டிமேல்தான். மலிவான பல வண்டிகளில் அது வெறும் ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்கும் எண்ணெய் உள்ளே கிடையாது. நானும் மகனுக்காக அப்படியொன்றை வாங்கி, மேம்பாலம் ஏறும்போதெல்லாம் அவன் இறங்கித் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். அதே விலையில் பின் ஸ்பிரிங் இல்லாத, எடை குறைந்த வண்டி பக்கத்திலேயே நின்றது. சீட்டை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஒரே மூச்சில் எழுந்து நிற்காமல் இரண்டு மூன்று முறை குதித்திருக்கும்.