வாடிக்கையாளரே எழுதுவினைஞர்

1967 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் திகதி இலண்டன் என்பீல்டில் பார்க்ளேஸ் வங்கி பணம் வழங்கும் இயந்திரமொன்றை நிறுவியபோது, எழுதுவினைஞரின் வேலை வாடிக்கையாளரின் கைக்கு மாறத் தொடங்கியது. இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே மின்கட்டணம் செலுத்துகின்றோம், பணம் அனுப்புகின்றோம். புதினம் பார்க்க ஒருமுறை தொடுவது வேறு, நாள்தோறும் அதனையே நாடுவது வேறு. இந்த இரண்டாவது பழக்கம் எவ்வாறு உருவாகின்றது?

இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துவோரை ஆராய்ந்த அனோல் பட்டாசார்ஜி 2001 இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு எளிமையான விடையொன்றைத் தருகின்றது. முன்னர் எதிர்பார்த்தது பின்னர் கிடைத்ததா என்று மனம் ஒப்பிட்டுப் பார்க்கின்றது. கிடைத்திருப்பின் திருப்தி உண்டாகின்றது. அத்திருப்தியும் பயனுண்டு என்ற எண்ணமுமே மீண்டும் அழைத்து வருகின்றன. பெரிதாக விளம்பரம் செய்து குறைவாக வழங்குவோர் வாடிக்கையாளரை இழப்பது இதனாலேயே.

ஆயினும் திருப்தி மட்டுமே காரணமென நாம் கருதவில்லை. எரிபொருள் நெருக்கடியின்போது 2022 ஜூலையில் எமது நாட்டில் அறிமுகமான கியூ.ஆர். குறியீட்டு முறையை எண்ணிப் பாருங்கள். நாட்கணக்கில் வரிசைகளில் வாடியவர்களுக்கு வாராந்த ஒதுக்கீடு பெரும் ஆறுதலளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், விரும்பாதவருக்கும் வேறு வழியிருக்கவில்லை. திறன்பேசி இல்லாதோர் குறியீட்டைக் கடதாசியில் அச்சிட்டுக்கொண்டு திரிந்தனர்.

பயனாளர் தொகை உயர்வதை மட்டும் காட்டிக் கருமபீடங்களை மூட முனைவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. இரகசிய இலக்கத்தைப் பேரனிடம் சொல்லி ஓய்வூதியம் எடுப்பிக்கும் முதியவரும் அத்தொகையில் ஒருவராகவே எண்ணப்படுகின்றார். இயந்திரம் பணம் தராமல் கணக்கில் மட்டும் கழித்துவிட்டால், அவர் தமிழில் முறையிடுவதற்குக் கருமபீடத்தின் பின்னால் ஒரு மனிதராவது இருக்க வேண்டும்.