காட்டுப் பன்றியைச் சுடலாமா, கூடாதா?

மலையடிவாரம் ஒன்று சொல்கிறது; நகரம் வேறொன்று சொல்கிறது!

டமார்!

நள்ளிரவு நேரம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் இடையே, மலையடிவாரத்தில் ஒரு வெடிச் சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

தீபாவளி இல்லை. கோவில் திருவிழாவும் இல்லை. தோட்டத்தில் புகுந்த காட்டுப் பன்றிகளை யாரோ ஒரு விவசாயி விரட்டுகிறார்.

வெடி பிறந்த ஊர் தூரத்தில் இல்லை. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளித்தான் சிவகாசி. இந்த வட்டாரத்தில் மகள் பகலில் பட்டாசு ஆலைக்குப் போகிறாள். தகப்பனார் இரவில் பரண் மேல் காவல் இருக்கிறார். இப்படி எத்தனையோ குடும்பங்கள்.

வெடிக்குப் பன்றி பயப்படுகிறதா? முதல் நாள் ஓடும். இரண்டாம் நாளும் ஓடும். பழகிய பிறகு, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை!

மூக்கே கலப்பை

காட்டுப் பன்றி பெரும்பாலும் கூட்டமாகத்தான் வரும். அது தின்பதைவிடப் பாழாக்குவது அதிகம். மூக்கே அதற்குக் கலப்பை. நிலக்கடலைப் பாத்தியைத் தலைகீழாகப் புரட்டிவிடும். மக்காச்சோளத் தட்டையைச் சாய்த்துக் கதிரைக் கடிக்கும். தென்னங்கன்றின் குருத்தைத் தோண்டித் தின்னும். மூன்று மாதம் பாடுபட்ட வெள்ளாமை, விடிவதற்குள் போய்விடும்.

நஷ்ட ஈடு உண்டு. மனுக் கொடுக்க வேண்டும். அதிகாரி வந்து பார்க்க வேண்டும். ஆனால் தூக்கம் கெட்ட இரவுகளுக்கு நஷ்ட ஈடு ஏது?

"அப்படியானால் சுட்டுத் தள்ள வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். முடியாது! காட்டுப் பன்றி, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கும் பிராணி. அனுமதி இல்லாமல் கொன்றால் சிறைதான். "காட்டுப் பன்றியை அந்தப் பட்டியலில் இருந்தே நீக்குங்கள்" என்று விவசாயச் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன.

மூன்று கிலோமீட்டர் கோடு

2025 ஜனவரியில் தமிழக அரசாங்கம் ஒரு வழி சொன்னது. அப்போது வனத்துறை மந்திரியாக இருந்த பொன்முடி சட்டசபையில் அதை அறிவித்தார்.

காப்புக் காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால், பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரையும் தாண்டினால் சுடலாம். சுடுவது விவசாயி அல்ல, வன இலாகாவினர்.

காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கு வந்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

இங்கே பன்றி இரண்டு வகை. சாதியில் அல்ல, குடியிருப்பில்!

மலைக்குக் கிழக்கே வெகு தூரம் தள்ளி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் பூமியிலும் பன்றித் தொல்லை உண்டு. அங்கே காடு ஏது? வறண்ட கண்மாய்களிலும் ஓடைகளிலும் அடர்ந்து கிடக்கும் சீமைக் கருவேலம் புதர்தான் காடு. பகலில் அதற்குள் படுத்திருந்துவிட்டு, இரவில் மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்குகின்றன. இந்தப் பன்றிகளுக்குப் புதிய உத்தரவு பொருந்தும்.

ஆனால் மலையை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர் கதி? அவருக்குத்தான் தொல்லை அதிகம். அவர் தோட்டம் கிடப்பதோ முதல் கிலோமீட்டரில். அங்கே துப்பாக்கிக்கு இடமே இல்லை.

புலியின் சாப்பாடு

அந்தத் தடைக்கும் காரணம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மலை இப்போது சாதாரண மலை அல்ல. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து, 1,016 சதுர கிலோமீட்டரில், அது புலிகள் காப்பகம் ஆயிற்று. நாட்டின் 51-வது புலிகள் காப்பகம் அது.

புலிக்கும் சிறுத்தைக்கும் காட்டுப் பன்றி ஓர் இரை. "காட்டோரத்துப் பன்றியை ஒழித்துவிட்டால் சிறுத்தை எங்கே போகும்? ஆட்டுப் பட்டியைத் தேடி ஊருக்குள் அல்லவா வரும்?" என்று கேட்கிறார்கள் இயற்கை ஆர்வலர்கள். அவர்களில் பலர் நகரவாசிகள். அதற்காக அவர்கள் சொல்வது பொய் ஆகிவிடாது.

மலைக் காடு தேய்ந்தால் ஆறும் தேயும். வைகை பிறப்பது இந்த மலைத் தொடரில்தான். புலிக்காகக் காக்கும் காடு, மதுரைக்காரர் குடிக்கும் தண்ணீரையும் காக்கிறது.

கண்ணீர் யாருக்கு?

2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சினையாக இருந்த ஒரு யானை வெடி மருந்து வைத்த காயைக் கடித்துவிட்டது. வாய் சிதைந்து, இரை எடுக்க முடியாமல், ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே உயிர் விட்டது. பன்றிக்கு வைக்கும் பொறி அது. அந்தப் படத்தைப் பார்த்து நாடே அழுதது.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பயிரைக் காக்கத் திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன.

குற்றம் குற்றமே. அப்படிப்பட்ட வேலியில் மனிதரும் மாண்டிருக்கிறார்கள். ஆனால் மலையடிவாரத்தில் ஒரு பேச்சு உண்டு: "யானைக்கு அழ ஊரெல்லாம் இருக்கிறது, எங்களுக்கு அழ யார் இருக்கிறார்கள்?"

ஓநாய்க்கு ஓட்டு!

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஓநாய்க்காகத் தேர்தலே நடந்தது!

அங்கே ஓநாய்களை முன்பு கொன்று தீர்த்துவிட்டார்கள். மீண்டும் கொண்டுவந்து விடலாமா என்று 2020 நவம்பரில் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். டென்வர் போன்ற நகரங்கள் "விடலாம்" என்றன. மாடு வளர்க்கும் மலைப் பகுதிகள் "கூடாது" என்றன. நகரத்தில் ஜனம் அதிகம். 100-க்கு 51 ஓட்டுகூட முழுதாக விழவில்லை. ஆனாலும் ஓநாய் ஜெயித்தது.

2023 டிசம்பரில் பத்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எங்கே விட்டார்கள்? டென்வரிலா? அதுதான் இல்லை! "வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டவர்கள் இருக்கும் பக்கத்தில்! நான்கே மாதத்தில் கன்றுகள் பலியாயின. ஓநாய் கொல்லும் ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை நஷ்ட ஈடு என்று அந்த மாநிலம் சட்டம் வைத்திருக்கிறது. ஓட்டுப் போட்ட நகரவாசி வரிப் பணத்திலாவது பங்கு தருகிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய சேலை வேலி

மலையடிவாரத்து விவசாயி தனக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டிருக்கிறார். முடிதிருத்தும் கடையில் தலைமுடியை மூட்டையாக வாங்கி வந்து வரப்பில் தூவுகிறார். மோப்பம் பிடிக்கும் பன்றியின் மூக்கில் முடி ஏறினால் அது ஓடிவிடுமாம். வேலியைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுகிறார். காற்றில் சேலை ஆடினால் ஆள் நிற்பதாக நினைத்துப் பன்றி தயங்கும்.

விடியற்காலையில் பட்டாசு ஆலை வண்டி வந்து நிற்கிறது. தூக்குவாளியுடன் மகள் ஏறிக்கொள்கிறாள். தகப்பனார் பரணிலிருந்து இறங்கி, இரவு எத்தனை குழி விழுந்திருக்கிறது என்று எண்ணப் போகிறார்.